பத்மாசனியின் சல்சா

வட்டக்கச்சியில் கைப்பக்குவத்துக்குப் பெயர் எடுத்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். பத்மாசனி அவர்களில் ஒருத்தியல்ல. இதை யாரும் மறைத்துச் சொல்லத் தேவையில்லை, அவளே வாய்விட்டுச் சொல்வாள். அவள் வடித்த சோறு ஒன்றில் குழைந்திருக்கும், இல்லாவிட்டால் பல்லில் கடிபடும். புட்டு அவித்தால் கட்டி கட்டியாய் விழும். பத்மாசனி மீன் குழம்புக்குப் புளி விடுகிறாளா, புளிக்குள் மீனை விடுகிறாளா என்று அயலில் பகிடி பண்ணுவார்கள். வயலில் இறங்கினால் கதை வேறு. களை பிடுங்குவதிலும் நெற்கதிரை அருவி வெட்டுவதிலும் அவளுக்குக் கிட்ட நிற்க ஆளில்லை. எல்லாருக்கும் எல்லாம் வாய்க்க வேண்டும் என்று சட்டமா என்ன?

கணவரின் பெயர் ஏரம்பு. ஊரில் ஏரம்பர் என்பார்கள். அவருடைய தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, தீவுப் பக்கத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால் விதைப்பார்கள், வராவிட்டால் வானத்தைப் பார்ப்பார்கள். ஏரம்பரும் அப்படியே வளர்ந்து அப்படியே கிழவரானார். பேச்சுக் குறைந்த மனுசன். பத்மாசனி என்ன சமைத்து வைத்தாலும் நல்லதென்றும் சொல்லமாட்டார், கெட்டதென்றும் சொல்லமாட்டார். வாயைத் திறந்து ஒரு குறை சொன்னாலாவது திருத்திக்கொள்ளலாமே என்று அவள் உள்ளுக்குள் புழுங்கிய நாட்கள் உண்டு.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் பிரதாபன் சண்டையின் கடைசி மாதங்களில் இல்லாமல் போனான். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. இளையவள் சிவதர்சினி கல்யாணம் செய்து கனடாவுக்குப் போய்விட்டாள். ஆக, அறுபதை எட்டிப்பிடிக்கிற வயதில் பத்மாசனிக்கு மிஞ்சியது நாலு பரப்பு வளவும், இரண்டு ஏக்கர் வயலும், வாய் திறவாத மனுசனும், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசித் திரையில் தெரிகிற மகளின் முகமும்தான்.

ஏரம்பருக்குச் சீனி வருத்தம் வந்து வருடக்கணக்காகிறது. இரத்தப் பிறசரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கிளினிக்குக்குப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டுத்தான். சோற்றைக் குறையுங்கள், மரக்கறியைக் கூட்டுங்கள், உப்பைக் குறையுங்கள். கடைசியாகப் போனபோது, கிட்னியும் கொஞ்சம் களைத்துப் போயிருக்கிறது, கவனம் என்று வேறு சொல்லி அனுப்பினார்கள். நெல்லை விதைத்து நெல்லிலேயே வாழ்கிற மனுசனிடம் சோற்றைக் குறை என்றால் அவர் எங்கே போவார்? ஏரம்பர் கோப்பைத் தட்டில் சோற்றைக் குன்றாகக் குவித்து, கறியை ஓரத்தில் தொட்டுக்கொள்கிற பழைய காலத்து ஆள். பத்மாசனி மரக்கறியைக் கூட்டிப் போட்டுப் பார்த்தாள். அவள் வைத்த மரக்கறியைக் கூட்டிச் சாப்பிட அவராலும் முடியவில்லை.

இந்த விசயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

"அம்மா, அழாதேங்கோ. நான் ஒண்டு காட்டித் தாறன்," என்றாள் சிவதர்சினி. "இதுக்கு அடுப்பே தேவையில்லை."

அடுப்பே தேவையில்லை என்ற சொல் பத்மாசனியின் காதில் தேனாக விழுந்தது. மகள் தன் குசினி மேசையில் தொலைபேசியை நிறுத்திவைத்துவிட்டு, தக்காளியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினாள். வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் அதேபோல் வெட்டினாள். கொத்தமல்லி இலையைக் கிள்ளிப் போட்டாள். தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் புளி விட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவிக் கிளறினாள். அவ்வளவுதான்.

"இது எங்கட சம்பல்தானே பிள்ளை."

"சம்பல் மாதிரித்தான். ஆனா இடிக்கிறேல்லை, தேங்காய்ப்பூவும் இல்லை, எண்ணெயும் இல்லை. சல்சா எண்டு சொல்லுறது. இஞ்ச நாங்கள் எல்லாத்தோடயும் சாப்பிடுறனாங்கள். அப்பாவுக்குச் சோத்தைக் கொஞ்சமாப் போட்டு, இதைக் கனக்கப் போடுங்கோ. வயிறும் நிரம்பும், சீனியும் ஏறாது."

பத்மாசனி அடுத்த நாள் விடியவே சந்தைக்குப் போனாள். கொத்தமல்லி இலை அங்கே எப்போதும் கிடைக்கிற சாமானில்லை. கிடைத்த ஒரு பிடியை ஈரத்துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தாள். மகள் காட்டியபடியே வெட்டினாள். வயலில் கத்தி பிடித்த கை, வெட்டுவதில் பிசகாது. தக்காளித் துண்டுகள் ஒரே அளவாக விழுந்தன. உருசி பார்த்தாள். புளிப்பு, உறைப்பு, உப்பு எல்லாம் தன் தன் இடத்தில் நின்றன. தான் செய்த ஒன்று இப்படி இருக்கிறதென்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

மத்தியானம் ஏரம்பர் ஒரு வாய் வைத்தார். மென்றார். நிமிர்ந்து பார்த்தார்.

"இதில இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார்.

கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அந்த மனுசன் ஒரு கறியை இரண்டாம் முறை கேட்டது அன்றுதான். பத்மாசனி கிண்ணத்தோடு அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். பிறகு குசினிக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சல்சா இல்லாத சோறு இல்லை. கிணற்றடியில் தக்காளி நட்டாள். கொத்தமல்லியையும் விதைத்துப் பார்த்தாள், அது வெயிலுக்குக் கருகியது, மறுபடி பந்தலுக்குக் கீழ் விதைத்தாள், வந்தது. கெக்கரிக்காய் கிடைத்தால் அதையும் பொடியாக வெட்டிச் சேர்ப்பாள். மாங்காய்க் காலத்தில் மாங்காய். இடியப்பத்தோடு சல்சா, புட்டோடு சல்சா, பாணோடு சல்சா. பக்கத்து வளவுச் சுமித்திரா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள், பத்மாசனி ஓடிப்போய்ச் செய்து காட்டினாள். வேறு இரண்டு மூன்று பெண்களும் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். சமையல் தெரியாத பத்மாக்காவிடம் சமையல் படிக்கப் போகிறோம் என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள்தான். சிரித்தால் சிரிக்கட்டுமே. அவளுக்குத் தலைகால் தெரியாத புளுகம்.

புளுகத்துக்குக் காரணமும் இருந்தது. அடுத்த கிளினிக்கில் ஏரம்பரின் சீனி இறங்கியிருந்தது. என்ன அம்மா செய்தீர்கள் என்று தாதி மிஸி கேட்டபோது, பத்மாசனி பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளைபோல நெளிந்தாள்.

"சோத்தைக் குறைச்சிட்டன் மிஸி. மரக்கறி பச்சையாக் குடுக்கிறன்."

"நல்லது. உப்பு விசயத்திலயும் கவனமா இருங்கோ."

அந்த ஞாயிறே மகளிடம் சொன்னாள், சீனி சரி, இனி உப்புத்தான் என்று. சிவதர்சினி கப்பலில் வருகிற பார்சலில் ஒரு தகரப் பேணி அனுப்பினாள். சவர்க்காரம், சொக்லேட், நோவுக்குப் பூசுகிற தைலம் இவற்றுக்கு நடுவில் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"அது அப்பாவுக்கு மட்டும் அம்மா. உப்புத்தான், ஆனா உப்பின்ர கெடுதி இல்லாத உப்பு. பிறசர் காரருக்கெண்டே செய்யிறது. என்னோட வேலை செய்யிற மனுசி ஒராளும் இதைத்தான் பாவிக்கிறா."

வெளிநாட்டிலிருந்து சாமான் வரும் வீடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தது குசினிக்குப் போகாது. நேரே கண்ணாடி அலுமாரிக்குத்தான் போகும். அங்கே பிள்ளையின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். விருந்தாளிக்கும் வருத்தக்காரருக்கும் மட்டும் இறங்கும். பத்மாசனியும் அந்தப் பேணியை அலுமாரிக்குள்தான் வைத்தாள். தனக்கு ஆனையிறவுக் கல்லுப்பு. ஏரம்பருக்குக் கனடா உப்பு. தன் பங்குச் சல்சாவை வேறாக எடுத்துவைத்துவிட்டு, அவருடையதுக்கு மட்டும் பேணியைத் திறந்து தூவுவாள். மருந்து கொடுக்கிற பக்குவத்தோடு தூவுவாள்.

அந்த உப்பு நாவில் சரியாக ஏறவில்லை. கொஞ்சம் கசந்தது. ஒரு சிட்டிகைக்கு இரண்டாய்ப் போட்டாள். கசப்புத் தெரியாமலிருக்கத் தேசிக்காயைக் கூடப் பிழிந்தாள். கெடுதி இல்லாத உப்பு, கூடப் போட்டால் என்ன வரப்போகிறது? சொதிக்கும் அதுதான், பருப்புக்கும் அதுதான். நல்லதை ஏன் அளந்து கொடுக்க வேணும் என்று நினைத்தாள், பாவி மனுசி.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த நாட்களில் ஏரம்பருக்குக் கால் தளர ஆரம்பித்தது. வரம்பைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினால் அது எழும்பாமல் நின்றது.

"கால் என்ர கால் மாதிரி இல்லை," என்றார்.

"சோத்தைக் குறைச்சதால வந்த பலவீனம்," என்றாள் பத்மாசனி. "சத்துக் காணாது. கொஞ்சம் கூடச் சாப்பிடுங்கோ."

சோற்றைக் கூட்டப் பயம். எனவே சல்சாவைக் கூட்டினாள். காலையிலும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவரும் மறுக்கவில்லை. அந்த மனுசன் வாழ்நாளில் ஆசையாகச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதானே.

ஒரு காலை வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு சரிந்து விழுந்தார். சுமித்திராவின் புருசன் கனகலிங்கம் கண்டு ஓடிவந்து தூக்கினான். ஓட்டோவில் ஏற்றும்போது ஏரம்பருக்கு நினைவு இருந்தது, ஆனால் கையைக்கூட மடக்க முடியவில்லை. பத்மாசனி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அது நின்று நின்று அடித்தது.

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள், நாளத்தில் ஊசி மருந்து ஏற்றினார்கள். வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் அருந்ததி என்ற டொக்டர். மகளின் வயது இருக்கும். அவர் பத்மாசனியை வெளியே கூப்பிட்டு, விளங்கும்படி சொன்னார்.

"அம்மா, ஐயாவுக்கு இரத்தத்தில பொட்டாசியம் எண்ட சத்து அளவுக்கு மீறிக் கூடியிருக்கு. கிட்னி நல்லா இருந்தா மிச்சத்தை வெளியால விட்டுடும். ஐயாவின்ரதுக்கு அது ஏலாமல் போச்சு. இது கூடினா இதயம் நிண்டுபோகும். இளநீர், வாழைப்பழம், தோடம்பழம் ஒண்டும் குடுத்துப்போடாதேங்கோ."

பத்மாசனி அதைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொண்டாள். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் இளநீர்க் குரும்பையோடு வந்தபோது, வாட்டு வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள். சுமித்திரா கொண்டுவந்த தோடம்பழங்களைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டாள். சொந்தபந்தம் முகத்தை முறித்துக்கொண்டு போனது. போனால் போகட்டும், மனுசன் பிழைத்தால் காணும்.

ஆனால் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மட்டும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது எல்லாருக்கும் சேர்த்துச் சமைப்பது. அதில் எந்த உப்பு, எவ்வளவு உப்பு என்று யார் கண்டது? அதனால் காலையில் பஸ்ஸில் வீட்டுக்கு ஓடுவாள், அவசரம் அவசரமாகச் சமைப்பாள், நோயாளர்களைப் பார்க்க விடுகிற மத்தியான நேரத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு திரும்பி வந்து நிற்பாள். கொஞ்சச் சோறு, கொஞ்சப் பருப்பு, பெட்டியின் பாதிக்குச் சல்சா. தக்காளி பழமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தோன்றினாலும் கேட்டிருக்கமாட்டாள். நல்ல சாப்பாடு என்று மிஸியின் வாயாலேயே கேட்டவளாயிற்றே. கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து, சின்னப் பிள்ளைக்குத் தீத்துவதுபோலத் தன் கையால் தீத்தினாள். வேறு எதையும் மென்று விழுங்கக் கஷ்டப்பட்ட ஏரம்பர் அதை மட்டும் வாய் திறந்து வாங்கினார்.

டொக்டர்களுக்குப் பிடிபடவில்லை. மருந்து ஏற்றினால் பொட்டாசியம் விடியற்காலையில் இறங்குகிறது. பின்னேரம் இரத்தம் எடுத்துப் பார்த்தால் மறுபடி ஏறி நிற்கிறது. அவர் வழக்கமாக விழுங்குகிற குளிசை ஒன்றை நிறுத்திப் பார்த்தார்கள். ஊசியை மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் அடங்கவில்லை. டொக்டர் அருந்ததி ஒரு மத்தியானம், தன் சாப்பாட்டு நேரத்தில், மறுபடி ஒருமுறை பார்ப்போம் என்று வாட்டுக்குள் வந்தார். பத்மாசனி தீத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது, வடிவா இருக்கு?"

"சல்சா டொக்டர்," என்றாள் பத்மாசனி. அந்த நிலைமையிலும் அவளுக்கு ஒரு பெருமை. "மகள் சொல்லித் தந்தவள். அடுப்பில வைக்கிறேல்லை, சத்து ஒண்டும் வீணாப் போகாது."

டொக்டரின் முகத்தில் இருந்த சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

"நல்ல சாப்பாடுதான் அம்மா. எனக்கும் உங்களுக்கும் நல்லது. ஆனா ஐயாவுக்கு இப்ப தக்காளி கூடாது. தேசிக்காயும் இவ்வளவு கூடாது. ஒவ்வொரு நாளும் கொண்டாறனீங்களோ?"

"ஓம்." அவளுடைய கை நடுவழியில் நின்றது. "ஆனா உப்புப் போடேல்லை டொக்டர். சத்தியமா எங்கட உப்பு ஒரு கல்லும் போடேல்லை. எல்லாத்துக்கும் கனடா உப்புத்தான். பிறசர் காரருக்கெண்டு செய்யிற உப்பு."

டொக்டர் மெதுவாகக் குனிந்து, அவளுடைய கையிலிருந்த பெட்டியை வாங்கி மூடினார். பிறகு அவளைத் தோளில் தொட்டு வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே சொன்னார். அந்த உப்பில் வழக்கமான உப்புக்குப் பதிலாகப் போடுவதே பொட்டாசியம்தான். சுகமான ஆட்களுக்குப் பரவாயில்லை. கிட்னி களைத்தவர்களுக்கு அது நஞ்சு. இங்கே மருந்து கொடுத்து இறக்கியதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டோடு திரும்ப ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் பதமாக, கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பத்மாசனிக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"அப்ப, நான்தானோ டொக்டர்?"

"உங்களில பிழையில்லை அம்மா. சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாத விசயம்."

"நான் குடுத்ததாலதானோ அவர் விழுந்தவர்?"

டொக்டர் அருந்ததி பொய் சொல்லத் தெரியாதவர். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்மாசனி அந்த விறாந்தைச் சீமெந்துத் தரையில் அப்படியே இருந்துவிட்டாள். விரல்களில் தேசிக்காய்ப் புளி ஒட்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்தும், எழுந்துபோய்க் கழுவ அவளுக்குத் தெம்பில்லை.

அன்று பின்னேரம் ஏரம்பரின் நெஞ்சு ஒருமுறை நின்றது. திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளே எல்லாரும் ஓடினார்கள். அவள் வெளியே நின்றாள். கும்பிட எந்தத் தெய்வமும் வாயில் வரவில்லை. காப்பாற்று என்று கேட்க அவளுக்கு என்ன முகம் இருக்கிறது? நெஞ்சைத் திரும்ப அடிக்க வைத்தார்கள். அந்த இரவே இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்குக் கொண்டுபோனார்கள்.

பிழைத்தார். பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கிட்னி இரண்டும் திரும்பி வரவில்லை. ஏற்கெனவே களைத்திருந்தவைதான், எப்போதோ ஒருநாள் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். எப்போதோ ஒருநாள் என்பதற்கும் இன்றைக்கு என்பதற்கும் உள்ள வித்தியாசம் பத்மாசனிக்கு விளங்காமலில்லை. இனிமேல் கிழமைக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போய், அந்த மெஷினுக்குப் பக்கத்தில் கை நீட்டிப் படுக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது சாப்பாட்டு முறையையும் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். மரக்கறியைப் பொடியாக வெட்டி ஊற வைக்க வேண்டும். நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். மறுபடி அவிக்க வேண்டும். பச்சையாக எதுவும் கூடாது. சத்துப் போய்விடும் என்று இத்தனை நாள் எதை வீணாக்கக் கூடாதென்று நினைத்தாளோ, இப்போது அதைத்தான் வடித்து ஊற்ற வேண்டும். பத்மாசனி ஊற்றினாள். சாறெல்லாம் போன சக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இது சரிதானா, இன்னொருமுறை அவிக்கட்டுமா என்று நிற்பாள். சில நாட்கள் மூன்றாம் முறையும் அவித்தாள்.

கிணற்றடியில் தக்காளி தன்பாட்டுக்குப் பழுத்தது. அதற்கு என்ன தெரியும்?

"பத்மாக்கா, பழுத்து விழுது, பிடுங்கேல்லையோ?" என்று சுமித்திரா வேலியால் கேட்டாள்.

"நீ பிடுங்கிக்கொண்டு போ."

பிறகு என்னவோ நினைத்தவள்போல ஓடிப்போய், "என்ன உப்புப் போடுறனீ?" என்று கேட்டாள். தன்னிடம் கற்றுக்கொண்டு போன மற்றப் பெண்களின் வீடுகளுக்கும் போனாள். உங்கள் வீட்டில் யாருக்காவது கிட்னி வருத்தம் இருக்கா, என்ன உப்புப் போடுகிறீர்கள் என்று ஒவ்வொரு வாசல் படலையிலும் நின்று கேட்டாள். எங்களுக்கு ஆர் அக்கா கனடாவில் இருந்து உப்பு அனுப்பப் போகினம் என்று அவர்கள் சிரித்தார்கள். பத்மாசனியும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திரையில் சிவதர்சினி. தகப்பனைக் காட்டச் சொன்னாள், பார்த்து அழுதாள். லீவு கிடைக்கவில்லை, பிள்ளையும் சின்னவன் என்றாள். கிட்னி எப்படியம்மா திடீரென்று இப்படிப் போகும் என்று கேட்டாள்.

"சீனிக்காரருக்கு அப்பிடித்தானாம் பிள்ளை."

"நாங்கள் இன்னும் வெள்ளனத் தொடங்கியிருக்க வேணும் அம்மா. இப்பவும் அந்தச் சல்சாவை விட்டிடாதேங்கோ. உப்புக் கிடக்கோ? முடிஞ்சா சொல்லுங்கோ, அனுப்புறன்."

பத்மாசனி தொலைபேசியைத் தூரப் பிடித்துக்கொண்டாள். முகம் முழுதும் தெரியக் கூடாது.

"கிடக்கு பிள்ளை. ஒவ்வொரு நாளும் குடுக்கிறன்."

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பெற்ற பிள்ளையல்லவா. அந்தக் குளிர் நாட்டில், சின்னப் பிள்ளையோடு, வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறவள், நான்தான் அப்பாவைக் கொன்றேன் என்று தலையில் அடித்துக்கொள்வாள். பிரதாபனுக்குப் பிறகு இருப்பது அவள் ஒருத்திதான். அவளையும் இழக்கப் பத்மாசனியிடம் வலு இல்லை. அதனால் அந்தப் பாரத்தை மகளின் தலைக்குப் போகாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். ஏரம்பருக்கும் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு?

ஆனால் கை கேட்கவில்லை. அதுதான் அடுத்த சங்கடம். ஏரம்பருக்குச் சோறு போட அவளுடைய கை வர மறுத்தது. அகப்பையை எடுத்தால் விறைத்துக்கொண்டு நின்றது. அதனால் சட்டி பானைகளைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ, எனக்குக் கை நோகுது," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். ஏரம்பர் தானாகப் போட்டுச் சாப்பிட்டுப் பழகாதவர். அந்த வட்டாரத்தில் அவர் வயது ஆம்பிளைகள் யாரும் அப்படிப் பழகியதில்லை, அதற்காக அவர்களைப் புகழவும் தேவையில்லை. மெஷினில் ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் தடவித் தடவி ஏதோ போட்டுச் சாப்பிட்டார். சில நாட்கள் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்பினார். மெலிந்துகொண்டு வந்தார்.

ஒருநாள் மத்தியானம் அவர் எழும்பவுமில்லை, போட்டுச் சாப்பிடவுமில்லை. வெறும் கோப்பையோடு இருந்தார்.

"பத்மா, இஞ்ச வா."

வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கை நோவோ, வேற ஏதும் நோவோ?"

"கைதான்."

"வாட்டில எனக்குக் கால் கை விளங்கேல்லையே தவிர, காது நல்லாக் கேட்டது," என்றார் ஏரம்பர். "அந்த டொக்டர்ப் பிள்ளை உன்னைக் கூட்டிக்கொண்டு போனாப் பிறகு, மிஸிமார் கதைச்சவை. எல்லாம் கேட்டன்."

பத்மாசனி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் தெரிந்துகொண்டேயா இந்த மனுசன் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்? கதவு நிலையோடு சரிந்து இருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனையோ நாளாக அடைத்து வைத்தது.

"என்ர கையாலயே குடுத்தனான். கூடக் கூடக் குடுத்தனான். நீங்கள் ஆசையாச் சாப்பிட்டியள் எண்டு."

"ஆசையாத்தான் சாப்பிட்டனான்." அவர் கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதே."

"சொல்லேல்லை."

"சொல்லாதே."

மன்னித்தேன் என்றோ, உன்னில் பிழையில்லை என்றோ சொல்லத் தெரிந்த மனுசனில்லை அவர். கோப்பையைத் தூக்கி அவள் பக்கமாக நீட்டினார்.

"எனக்குப் பசிக்குது பத்மா. நீ போடு."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்குந்தான். போடு."

கோப்பை காற்றில் நின்றது. அவள் போடாமல் அவர் அதை இறக்கப் போவதில்லை என்று தெரிந்தது. எழும்பினாள். அகப்பையால் சோற்றை அள்ளினாள். மூன்று முறை அவித்து வடித்த புடலங்காயை எடுத்தாள். இவ்வளவு போடலாமா, இதிலும் ஏதும் கிடக்குமா, தனக்குத் தெரியாத இன்னொன்று இதற்குள்ளும் இருக்குமா என்று பார்த்தாள். பார்த்தால் தெரிகிற விசயமா அது? கொஞ்சம் போட்டாள். பாதியை எடுத்தாள். மறுபடி போட்டாள்.

ஏரம்பர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவர் மெல்லும்போதும் விழுங்கும்போதும் பத்மாசனி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கோப்பை வெறுமையாகும்வரை அப்படியே நின்றாள். நாளைக்கும் அவருக்குப் பசிக்கும்.